குட்டிக் கீரி, முதல் பெட்டி

மார்ச் 2

தம்பி மனைவிக்கு,

போன் செய்தால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுவாய். நேரில் வந்தால் கதவு திறக்காது. காகிதம் ஒன்றுதான் உன் வீட்டுக்குள் கேள்வியில்லாமல் நுழையும். அதனால் எழுதுகிறேன்.

தம்பிக்கு வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் குழறுகிறது என்று கேள்விப்பட்டேன். சொன்னது நீ இல்லை, உங்கள் தெருமுனைத் தையல்காரர். விரலுக்கு வேலை கொடுக்க வேண்டும், பட்டாணி பொறுக்கச் சொல்லுங்கள் என்றார்களாமே ஆஸ்பத்திரியில். அவன் கிண்ணத்தோடு தட்டிவிடுகிறானாம். சின்ன வயதிலேயே அப்படித்தான். உபயோகமில்லாத வேலை என்று தோன்றினால் அவனுக்குக் கை வராது.

நான் மகள் வீட்டோடு போய்விடுகிறேன். பரணைக் காலி செய்தபோது ஒரு குட்டிக் கீரிப் பெட்டி கிடைத்தது. ஃபாக்டரியில் நாம் மேஜையில் வரிசையாக உட்கார்ந்து அடைத்த அதே பொம்மை ரேஸ் கார். முத்திரை உடையவில்லை. உள்ளே எல்லாம் துண்டு துண்டாக, ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு இருக்கும். சட்டத்திலிருந்து கத்தரித்து அழுத்தினால் பொருந்திக்கொள்ளும், பசைகூட வேண்டாம். விரலுக்கு இதைவிட நல்ல வேலை எந்த டாக்டராலும் எழுதித் தர முடியாது.

அனுப்பட்டுமா? ஒரு வார்த்தை போதும்.

அவன் அக்கா


மார்ச் 9

அண்ணிக்கு,

ஒரு வார்த்தை போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். முப்பத்தெட்டு வருஷத்துக்கு ஒரு வார்த்தையா? நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். கையெழுத்து கோணலாக இருக்கும். ஞாபகம் கோணாது.

போனில் பேசாமல் எழுதியது நல்லதாயிற்று. பேச்சு என்றால் அப்புறம் "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்பீர்கள். அது உங்களுக்குக் கைவந்த கலை.

உங்களுக்கு மறந்திருந்தால் நான் சொல்கிறேன். எட்டுப் பெண்கள், ஒரு நீள மேஜை. நான் நான்காவது நாற்காலி, பதினேழாம் நம்பர். கடைசியில், அடைத்த பெட்டியை நிறுத்துப் பார்க்கிற தராசை வைத்துக்கொண்டு நீங்கள். உங்களுக்குத் 'தராசுமுள்' என்று பெயர் வைத்ததே நான்தான். இன்றைக்காவது தெரிந்துகொள்ளுங்கள்.

காலையில் முயல் கார் அடைத்தோம். மத்தியானத்துக்கு மேல் குட்டிக் கீரி. முயலுக்கும் கீரிக்கும் நடுக்கம்பி வேறு. பின் சக்கரத்து ஓட்டத்தை முன் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற கம்பி அது. முயலின் கம்பி ஓர் அரிசி நீளம் குட்டை. கையில் எடுத்தால் தெரியாது, தராசிலும் தெரியாது. அதனால்தான் விதி: முயலிலிருந்து கீரிக்கு மாற்றும்போது கம்பித் தட்டைக் கவிழ்த்து உங்களிடம் காட்ட வேண்டும். நீங்கள் 'தட்டு காலி' என்று சீட்டில் குறித்து, நேரம் போட்டு, கையெழுத்து வைக்க வேண்டும். அப்புறம்தான் ஸ்டோர் ஜன்னலில் தட்டைத் தள்ளுவோம். படுதாவுக்குப் பின்னாலிருந்து அது நிரம்பி வரும்.

நான் காட்டினேன். கவிழ்த்து, அடியில் இரண்டு தட்டுத் தட்டினேன். நீங்கள் தலையாட்டினீர்கள். உங்கள் மூக்குக்கண்ணாடியில் ஒரு கால் நூலால் கட்டியிருந்தது. பச்சை நூல்.

ஒரு மாதம் கழித்துக் கடைகளிலிருந்து பெட்டிகள் திரும்பி வந்தன. முன் சக்கரம் சுற்றவில்லை, கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று. மேனேஜர் உங்களிடம் ஒரே கேள்விதான் கேட்டார். "காட்டினாளா?" நீங்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்: "காட்டல சார். நான் சீட்டே எழுதல."

ஸ்டோரில் தட்டு நிரப்புகிறவன், நாம் 'கொக்கு' என்று கூப்பிடுவோமே, அவன் டப்பாவை மாற்றி எடுத்துப் போட்டான். சரி, மனுஷன் தவறுவான். அது அவன் கழுத்தில் விழ வேண்டியது. கழுத்துதான் அவனுக்கு நீளமாயிற்றே, தாங்கியிருப்பான். அதை என் கழுத்தில் மாட்டினீர்கள். கொக்கு உங்களுக்கு மாமனா மச்சானா?

அந்தத் தெருவில் இருந்த எந்த ஃபாக்டரியும் என்னை எடுக்கவில்லை. "ஓ, அந்தப் பதினேழா?" என்று கேட்டுவிட்டுக் கேட்டை மூடினார்கள். இருபது வருஷம் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு துவைத்தேன். இந்த வீட்டில் எப்போது சண்டை வந்தாலும் உங்கள் தம்பி கடைசியில் சொல்வது ஒன்றுதான்: "அக்கா பொய் சொல்ல மாட்டா." அவர் வாயால் "நீ காட்டினேதான்" என்று ஒரு தடவை கேட்டுவிட்டுக் கண்ணை மூட வேண்டும் எனக்கு. அதற்கு நீங்கள் உண்மையைச் சொல்லி ஒரு வரி எழுதித் தர வேண்டும். பொம்மை வேண்டாம்.

பெட்டியின் பக்கவாட்டில் லாட் நம்பர் இருக்குமே. என்ன நம்பர்? எழுதுங்கள்.

உங்கள் தம்பியின் மனைவி


மார்ச் 15

தம்பி மனைவிக்கு,

மூன்று பக்கம். படித்த வகுப்புக்கு ஒரு பக்கம் வீதமா?

நூல் பச்சை இல்லை, நீலம். மற்றபடி உன் ஞாபகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தராசுமுள் என்று பெயர் வைத்தது நீ என்று அன்றே தெரியும். மற்றவர்களுக்கு அவ்வளவு அறிவு ஏது?

நம்பர் கேட்டாய். ஏழு-பதினாறு.

சண்டைக்கு வருமுன் இதையும் படி. உன் மகள் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வரவில்லை. உனக்குப் பேத்தி பிறந்ததை மூன்றாம் ஆள் சொல்லித் தெரிந்துகொண்டேன். எங்கள் அம்மா இறந்த அன்று நான் உள்ளே வந்தால் நீ வெளியே போய்விடுவதாகச் சொல்லி வாசலில் நின்றாய். நான் என் தாயைத் தெருவில் வைத்துத்தான் பார்த்தேன். இதெல்லாம் ஒரு 'காட்டல சார்'க்கு. விலை கொஞ்சம் அதிகம்தான். பரவாயில்லை, கொடுத்துவிட்டேன்.

பெட்டியை அனுப்பத் தயார். ஒரே நிபந்தனை. திறப்பது அவனாக இருக்க வேண்டும். பொருத்துவதும் அவன். நீ கூட உட்கார்ந்து பார், வாய் திறக்காதே. உன்னால் முடியாத காரியத்தைத்தான் கேட்கிறேன், தெரியும்.

அவன் அக்கா


மார்ச் 22

அண்ணிக்கு,

ஏழு-பதினாறு! ஏழாம் மாதம், பதினாறாம் தேதி, வியாழக்கிழமை. அந்த லாட்டின் பெட்டிகள் எல்லாம் திரும்பி வந்து நொறுக்கப்பட்டன. தப்பித்தது ஒரே ஒன்றுதான் இருக்க முடியும்.

என் பேத்தி சத்தம் போட்டு உங்கள் கடிதத்தைப் படித்தாள். நம்பர் வந்ததும் நான் எழுந்து நின்றேனாம். "என்னாச்சு பாட்டி, கால் மரத்துப்போச்சா?" என்கிறாள். காலா மரத்துப்போனது?

ஒவ்வொரு லாட்டிலும் முதல் பெட்டி விற்பனைக்குப் போகாது, மாதிரி அலமாரிக்குப் போகும். அலமாரிச் சாவி உங்கள் இடுப்பில். அந்த முதல் பெட்டிக்குள்தான் 'தட்டு காலி' சீட்டைப் போட்டு முத்திரை ஒட்டுவோம். மேனேஜர் முதல் பெட்டியைத் திறந்து பார்க்கலாம் என்றபோது நீங்கள் போய் ஒரு பெட்டியை எடுத்து வந்தீர்கள். திறந்தோம். சீட்டு இல்லை. அது முதல் பெட்டியே இல்லை, அப்படித்தானே? முதல் பெட்டி இத்தனை வருஷம் உங்கள் பரணில் இருந்திருக்கிறது. என் மானத்தைத் துணி சுற்றி அடுக்கி வைத்திருந்தீர்கள். எலியாவது தின்றிருக்கலாம். எலிக்கும் உங்களிடம் பயம் போல.

உங்கள் தம்பியிடம் சொன்னேன், அக்கா ஒரு குட்டிக் கீரி அனுப்பப் போகிறார், ஏழு-பதினாறு என்று. பேச்சு சரியாக வராத மனுஷன், அதை மட்டும் தெளிவாகச் சொன்னார்: "வேணாம். குப்பைல போடச் சொல்லு." பார்த்தீர்களா? கை விழுந்த பிறகும் உங்களுக்குத்தான் முட்டுக்கொடுக்கிறார். நீங்கள் வளர்த்த பிள்ளை.

இப்போது என் நிபந்தனை. பெட்டி முத்திரைக் காகிதம் மஞ்சள், ஓரம் ரம்பப் பல் மாதிரி வெட்டியிருக்கும். முதல் வருஷம் முழுக்க அதை ஒட்டியவள் நான். ஆவி காட்டிப் பிரித்தாலும், பிரித்து இஸ்திரிப் பெட்டியால் நீவி ஒட்டினாலும் எனக்குத் தெரியும். பிரித்தது போல் ஒரு பல் கோணியிருந்தால் பார்சலை அப்படியே உங்கள் மகள் வீட்டு வாசலில் கொண்டுவந்து போட்டு, தெருவே கேட்கிற மாதிரி காரணத்தையும் சொல்லிவிட்டு வருவேன்.

திறப்பது அவர்தான். ஒப்புக்கொள்கிறேன். சீட்டு அவர் கையிலேயே கிடைக்கட்டும். அவர் கண்ணாலேயே படிக்கட்டும், அவருடைய பொய் சொல்லாத அக்காவின் கையெழுத்தை.

அனுப்புங்கள். தாமதம் வேண்டாம். உங்களுக்கு மனசு மாறுவதற்குள் வந்து சேரட்டும்.

உங்கள் தம்பியின் மனைவி


மார்ச் 29

தம்பி மனைவிக்கு,

இத்துடன் பெட்டி. முத்திரையில் நாற்பத்திரண்டு பல். எண்ணிப் பார்த்துக்கொள்.

பேட்டரி உள்ளே இல்லை. பென்சில் பேட்டரி இரண்டு நீ வாங்க வேண்டும்.

அவனை அவசரப்படுத்தாதே. எத்தனை நாள் ஆனாலும் ஆகட்டும்.

அவன் அக்கா


ஏப்ரல் 14

அண்ணிக்கு,

நாற்பத்திரண்டு பல்லும் இருந்தன. எண்ணினேன்.

எல்லாவற்றையும் நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். வரிசை மாறினால் எனக்கே நம்பிக்கை வராது.

பெட்டியைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். மேல் அட்டையில் அதே படம், புழுதி பறக்க ஓடும் 'பெரிய கீரி' ரேஸ் கார், பக்கத்தில் ரிமோட் பிடித்த கை. அதைப் பார்த்து அதே மாதிரி சின்னதாகச் செய்ததுதானே நம் குட்டி. பெரியதுக்கு ரேடியோ, சொன்னால் திரும்பும். இதற்கு ஏரியல் குச்சி மட்டும் உண்டு, வெறும் வேஷம். சுவரில் இடித்தால்தான் திரும்பும். அவர் அந்தப் படத்தையே அரை நாள் பார்த்துக்கொண்டிருந்தார். முத்திரையில் கை வைக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. நம்ப மாட்டீர்கள், பேத்தி சாட்சி.

மூன்றாம் நாள் இடது கை நகத்தால் முத்திரையைக் கிழித்தார். மூடியைத் தூக்கியதும் மேலேயே கிடந்தது சீட்டு. மஞ்சள் பழுத்திருந்தது. 'லாட் 7-16. நான்காம் இடம். தட்டு காலி.' அதற்கு நேரே சரி போட்டு, ஒன்று நாற்பது, உங்கள் கையெழுத்து. கடைசி எழுத்தில் வால் சுழித்திருக்கும், அதேதான்.

நான் அதை எடுக்கவில்லை. அவர் எடுக்கட்டும் என்று இருந்தேன். அவர் எடுத்தார், படித்தார், மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு, பிளாஸ்டிக் சட்டத்தையும் நகவெட்டியையும் கையில் எடுத்துக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அக்காவின் பொய் கண்முன்னால் கிடக்கிறது, மனுஷன் சக்கரம் வெட்டுகிறார்!

ஒன்பது நாள் பொருத்தினார். பிடி நழுவி, பல்சக்கரம் மூன்று தடவை கட்டிலுக்கடியில் உருண்டது. நான் எடுத்துக் கொடுத்தேன். பட்டாணி பொறுக்க மாட்டேன் என்ற கை, திருகாணி பிடித்தது. உங்களுக்கு இதில் பெருமை வேண்டாம், இருந்தாலும் எழுதுகிறேன். நடந்தது நடந்ததுதானே.

நேற்று நடுக்கம்பி. விளக்கத் தாளில் கம்பியை அதன் உண்மையான நீளத்திலேயே வரைந்திருக்கும். அவர் கம்பியை அந்தப் படத்தின் மேல் வைத்தார். ஓர் அரிசி குறைந்தது. திருப்பி வைத்தும் பார்த்தார்.

என்னால் அதற்கு மேல் முடியவில்லை. சீட்டை எடுத்து அவர் முன்னால் வைத்து, "பாத்தீங்களா உங்க அக்கா லட்சணத்த? தட்டு காலின்னு அவங்க கையாலயே எழுதிட்டு, மேனேஜர் முன்னால காட்டலன்னாங்க. இப்பவாவது சொல்லுங்க, நான் காட்டினேனா இல்லையா?" என்றேன்.

அவர் கண்ணைத் தூக்கவில்லை. ஒவ்வொரு வார்த்தையாக வந்தது.

"காட்டினே. தட்டு காலியாத்தான் வந்துச்சு. உன் ஊக்கு ஒண்ணு கிடந்துச்சு உள்ள. எடுத்துப் பையில போட்டுக்கிட்டேன்."

அண்ணி, அன்றைக்கு மத்தியானம் நான் சட்டையில் குத்தியிருந்த நம்பர் துணி கழன்றுபோனது. ஊக்கைக் காணோம். மேஜைக்கடியில், மடியில், எல்லா இடத்திலும் தேடினேன். அஞ்சாம் நாற்காலிக்காரி ஒன்று கொடுத்தாள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்கிற அளவுக்கு அதில் என்ன இருக்கிறது, ஒரு ஊக்கு. அது தட்டில் கிடந்தது தட்டை நிரப்பிய ஆளுக்கு மட்டும்தான் தெரியும்.

அதே ஃபாக்டரிதான் என்றாலும் அவர் லோடிங் செக்ஷன், லாரியில் சரக்கு ஏற்றுகிறவர். ஸ்டோருக்குள் அவருக்கு என்ன வேலை?

நான் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினேன். கழுவினதையே எடுத்துத் திரும்பக் கழுவினேன். திரும்பி வந்தபோது அவர் காரை முடித்து, பேட்டரி போட்டுத் தரையில் விட்டிருந்தார். முன் சக்கரம் சும்மா கிடக்க, பின் சக்கரம் மட்டும் உதறிக்கொண்டு போய் அலமாரியில் இடித்து, அங்கேயே நின்று கத்திக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதை நிறுத்தப் போகவில்லை. பேட்டரி தீரும்வரை கத்திற்று.

உங்களுக்குத் தெரியுமா? தெரிந்துதான் இந்தப் பெட்டியை அனுப்பினீர்களா? இந்தத் தடவை தலையாட்டிவிட்டு அப்புறம் இல்லை என்று சொல்கிற வேலை வேண்டாம்.

உங்கள் தம்பியின் மனைவி


ஏப்ரல் 20

தம்பி மனைவிக்கு,

தெரியும்.

அன்று கொக்குவுக்குப் பல்வலி. பிடுங்கிக்கொண்டு வருகிறேன், அரைமணி நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொள் என்று தம்பியை உட்காரவைத்துவிட்டுப் போனார். என் இடத்திலிருந்து ஸ்டோர் கதவு தெரியும். அவன் உள்ளே நுழைவதைப் பார்த்தேன். இருவரில் எவனும் அதைச் சொல்லக் கூடாது, சொன்னால் இருவருக்கும் வேலை போகும். தம்பிக்கு ஏற்கெனவே ஒரு எச்சரிக்கைக் கடிதம் இருந்தது. அதை அவன் உன்னிடம் காட்டியிருக்க மாட்டான். என்னிடம்தான் வந்து அழுதான்.

மேனேஜர் கேட்டது ஒரு கேள்வி என்று எழுதினாய். ஒன்று இல்லை. "காட்டினாள்" என்று நான் சொல்லியிருந்தால் இரண்டாவது கேள்வி வந்திருக்கும்: அப்படியானால் நிரப்பியது யார்? அந்தக் கேள்வி வராமல் இருப்பதற்காக முதல் கேள்விக்குப் பொய் சொன்னேன்.

மேனேஜர் அறைக்குப் போகும் நடையில் அவன் என் கையைப் பிடித்தான். "அக்கா, அவ கெட்டிக்காரி. எங்க போனாலும் பொழச்சுப்பா. என்னை யாரு எடுப்பா?" என்றான். அவன் சொன்னது பொய்யில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம். நீ பிழைத்துக்கொண்டாய்.

"ஒரு வாரம் குடுக்கா, நானே அவகிட்ட சொல்லிடறேன்" என்றான். ஒரு வாரம் கொடுத்தேன். அப்புறம் குழந்தைக்குக் காய்ச்சல் என்றான். அப்புறம் நீ கோபமாக இருக்கிறாய் என்றான். நீ எப்போது கோபமாக இல்லை? அப்புறம் நான் கேட்பதை விட்டுவிட்டேன். உன் வாசலில் நான் நின்ற நாளில் அவன் உள்ளேதான் இருந்தான். ஜன்னல் துணி அசைந்தது. வெளியே வரவில்லை.

பெட்டியை எரிக்கப் பலமுறை எடுத்தேன். திறக்கவும் எடுத்தேன். இரண்டும் ஆகவில்லை. நான் செத்தபின் மகள் அதைக் குப்பையில் போடுவாள். அதோடு உன் சீட்டும் போகும், பொய்யோடு என் பெயர் மட்டும் மிஞ்சும். அது பிடிக்கவில்லை. அதனால் அனுப்பினேன். விரல் பயிற்சி என்றது சாக்கு. அவன் வாய்க்குத்தான் பயிற்சி வேண்டியிருந்தது.

உன்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. கேட்டால் நீ தரமாட்டாய், தராததை அடுத்த முப்பத்தெட்டு வருஷம் சொல்லிக்காட்டுவாய். ஒன்று மட்டும் எழுதுகிறேன். நீ கவிழ்த்துக் காட்டினாய். இரண்டு தட்டுத் தட்டினாய். நான் பார்த்தேன்.

இதை யாரிடம் வேண்டுமானாலும் காட்டிக்கொள்.

அவன் அக்கா


ஏப்ரல் 27

அண்ணிக்கு,

காட்டிக்கொள் என்று எழுதியிருக்கிறீர்கள். யாரிடம்?

முதலில் தையல்காரரிடம் காட்டலாம் என்று எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தெருமுனைவரை போய்விட்டுத் திரும்பினேன். மேஜையில் இருந்த எட்டுப் பேரில் உங்களையும் என்னையும் விட்டால் மூன்று பேர்தான் உயிரோடு இருக்கிறார்கள். அதில் ஒருத்திக்கு நினைவு தப்பிவிட்டது. மேனேஜர் போய்ப் பத்து வருஷமாகிறது. நான் இந்த வரியைக் கேட்டது அவர்களுக்காக இல்லை. என்றைக்காவது இதை அந்த மனுஷனின் மூக்குக்கு நேரே நீட்டி, "படிங்க, நல்லாப் படிங்க" என்று சொல்லத்தான். இப்போது கையில் இருக்கிறது. இதில் அவருக்குத் தெரியாத ஒரு எழுத்துகூட இல்லை.

இத்தனை வருஷம் ஒரே படுக்கையில் ஒரு நீதிபதியோடு படுத்திருக்கிறேன் என்று நினைத்தேன்.

உங்கள்மேல் கோபம் குறைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். பொய் சொன்ன வாய் உங்களுடையதுதான். நீங்கள் பார்த்தீர்கள், தலையாட்டினீர்கள், சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டு வேறு பெட்டியைத் தூக்கி வந்தீர்கள். தம்பிமேல் பாசம் என்றால் உங்கள் நாற்காலியைக் கொடுத்துக் காப்பாற்றியிருக்க வேண்டும், என் நாற்காலியைக் கொடுத்து இல்லை. நான் பிழைத்துக்கொண்டேனாம். என் கையை வந்து பாருங்கள். சலவைச் சோடாவில் வெந்து பத்து விரலிலும் ரேகை கிடையாது. ரேஷன் கடை மெஷின் என்னை ஆளாகவே ஒப்புக்கொள்வதில்லை.

ஆனால் உங்கள் தாயைத் தெருவில் வைத்துப் பார்க்கவைத்தேன். அது உங்கள் கணக்கில் சேராது, என் கணக்கு. அன்றைக்குக் கதவைத் திறக்க வேண்டிய ஆள் உள்ளே துணிக்குப் பின்னால் நின்றிருந்தார் என்று இப்போதுதான் தெரிகிறது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை. சரிக்குச் சரி.

நூல் பச்சைதான். நீலம் இல்லை.

இப்போது வீட்டு நிலவரம். இரண்டு வாரமாக அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் குளிப்பாட்டுகிறேன், சட்டை மாட்டுகிறேன், சாப்பாடு ஊட்டுகிறேன், மாத்திரை கொடுக்கிறேன். ஒரு வார்த்தை பேசவில்லை. நேற்று அவரே, "திட்டுடி. ஏதாச்சும் சொல்லு" என்றார். நான் தலையணையைத் தட்டிப்போட்டுவிட்டு வந்துவிட்டேன். பேத்தி பயந்துபோய், "பாட்டி, நீ இவ்வளவு நேரம் சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லையே, டாக்டர்கிட்டப் போலாமா?" என்கிறாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பி வாருங்கள். வாசலில் நின்று கூப்பிட வேண்டாம், கதவு திறந்திருக்கும். செருப்பை உள்ளே கழற்றி வையுங்கள், வெளியே வைத்தால் நாய் தூக்கிக்கொண்டு போகும். முன்னறையில் உங்களுக்குப் படுக்கை. ஒரு மாதத்துக்குத் துணி எடுத்துக்கொள்ளுங்கள். காலைக் குளியல் உங்கள் பொறுப்பு, மத்தியானச் சாப்பாடு உங்கள் பொறுப்பு. நீங்கள் வளர்த்த பிள்ளை, உங்களுக்குப் பழக்கம்தானே. என்னோடு பேச வேண்டாம். பேசினாலும் பதில் வராது.

ஒரே ஒரு காரியத்துக்கு மட்டும் பக்கத்தில் நிற்க வேண்டும். அவரை நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. முப்பத்தெட்டு வருஷத்தையும் வரிசையாக வைத்திருக்கிறேன், தேதி வாரியாக. அன்றைக்கு அந்த அறையில் எனக்கென்று சொல்ல ஒரு ஆள் இல்லாமல் நின்றேன். இந்தத் தடவை சாட்சி இல்லாமல் ஆரம்பிக்க மாட்டேன்.

ஞாயிறு. பதினோரு மணிக்குள்.

பதினேழாம் நம்பர்